பொறுமை ஒரே நாளில் வந்துவிடாது

(ரம்புக்கனைப் பகுதித் தோட்டக் குடும்பங்களின் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



தினமும் வேதம் வாசித்துத் தியானிப்பதால் பொறுமையைப் பழகிக்கொள்வது எப்படி என்று பேசும்படி கேட்டிருக்கிறீர்கள். நலன்புரி வேலையாக லயம் லயமாகப் போகிற நாங்கள் அடிக்கடி காண்பது என்ன? பீலியடியில் ஒரு வாளியை முந்தி வைத்ததற்குச் சண்டை. மலையில் நிறுவையில் இரண்டு கிலோ கழித்த கோபம், பொழுதுபட வீட்டுக்கு வந்து பிள்ளையின் முதுகில் விழுகிறது. சம்பளத்தன்று கசிப்பு உள்ளே போனால் சொல்லவே வேண்டாம். விடிந்த பிறகு, "என்னா செய்யிறதுங்க ஐயா, பொறும இல்லாமப் போச்சு" என்கிறார்கள்.

பொறுமை பிறவியில் வருவதல்ல, பழக்கத்தில் வருவது. இதை உங்களுக்கு நாங்கள் சொல்லித்தரத் தேவையில்லை. றப்பர் கன்றை நட்டால் ஆறேழு வருஷம் போன பிறகுதான் பால் வெட்டக் கத்தி வைக்கிறோம். தேயிலையைக் கவ்வாத்து வெட்டினால் மொட்டைக் குச்சியாக நிற்கும். அப்போது கொழுந்து எங்கே என்று யாரும் செடியோடு மல்லுக்கு நிற்பதில்லை. யாக்கோபு தம் நிருபத்தின் 5ஆம் அதிகாரத்தில் பயிரிடுகிறவனைத்தான் உதாரணமாகக் காட்டுகிறார். அந்த நாட்டில் விதைக்கிற காலத்துக்கு முன்மாரி, கதிர் முற்றுகிற காலத்துக்குப் பின்மாரி. இரண்டுக்கும் அவன் காத்திருக்கிறான். ஆனால் சும்மா காத்திருப்பதில்லை. உழுகிறான், களை பிடுங்குகிறான்.

நமது ரம்புக்கனை ஸ்டேஷனையே பாருங்கள். 1867இல் கண்டிக்கு ரயில் ஓடத் தொடங்கியது. இங்கிருந்து கடுகண்ணாவைக்குச் செங்குத்தான ஏற்றம். அந்தப் பழைய நாளில் ரயிலை இங்கே நிறுத்தி, இன்னொரு எஞ்சினையும் பூட்டித்தான் மலை ஏற்றுவார்கள். அவசரக்காரனுக்கு அது வீணாய்ப் போன நேரம். ஆனால் அந்தத் தாமதம் இல்லாவிட்டால் ரயில் மலை ஏறாது. காலையில் வேதத்தோடு உட்காருகிற பத்து நிமிஷமும் அப்படித்தான்.

ஏன் தினமும்? ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போனால் போதாதா? யாத்திராகமம் 16ஆம் அதிகாரத்தில் மன்னா இறங்கிய கதையை வாசித்துப் பாருங்கள். அன்றன்றைக்கு வேண்டியதை அன்றன்றைக்கே பொறுக்க வேண்டும். மறுநாளைக்கென்று ஒளித்து வைத்தது புழுத்துப் போயிற்று. ஓய்வுநாளுக்கு முந்தின நாள் மட்டுமே இரண்டு பங்கு. நேற்றுச் சாப்பிட்ட சோறு இன்றைக்கு மலை ஏறப் போதாது அல்லவா?

நம் கையில் இருக்கிற தமிழ் வேதம் எப்படி வந்தது என்பதும் ஒரு பொறுமையின் கதைதான். சீகன்பால்கு ஐயர் 1706இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுத்துப் பழகினார். 1708இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் எழுத ஆரம்பித்த கொஞ்ச நாளிலேயே அங்கிருந்த டேனிஷ் தளபதி அவரைச் சிறையில் போட்டான். நாலு மாதம் அடைபட்டுக் கிடந்தார். வெளியே வந்து விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். 1715இல் முழுப் புதிய ஏற்பாடும் அச்சில் வந்தது.

நம் நாட்டிலும் ஒருவர் இருந்தார். யோசேப் வாஸ் அடிகளார் 1687இல் யாழ்ப்பாணத்துக்கு வந்தபோது கூலிக்காரரைப் போல உடுத்திக்கொண்டு வந்தார். ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருமாரைத் தடை செய்திருந்த காலம் அது. 1692இல் கண்டிக்குப் போனார். போர்த்துக்கேயருக்கு வேவு பார்க்கிறவர் என்று சொல்லிச் சிறைப்பிடித்தார்கள். சிறையில் அவர் ஜெபத்தை விடவில்லை. அங்கேயே சிங்களமும் கற்றுக்கொண்டார். 1697இல் கண்டியில் அம்மை நோய் பரவி, சொந்தக்காரரே நோயாளிகளை விட்டு ஓடியபோது, அவர் பக்கத்தில் இருந்து பார்த்தார். 2015இல் பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்புக்கு வந்து அவரைப் புனிதராக அறிவித்தார்.

இனி முக்கியமான ஒரு விஷயம். பொறுமை என்றால் வாயை மூடிக்கொண்டு இருப்பதென்று சிலர் நினைக்கிறார்கள். லூக்கா 18ஆம் அதிகாரத்தில் ஒரு விதவைத் தாய் வருகிறாள். நியாயம் செய்யாத நீதிபதியிடம் திரும்பத் திரும்பப் போய்க் கேட்கிறாள். அவள் கல்லெறியவில்லை, கேட்பதையும் விடவில்லை. யோபுவும் அப்படித்தான், கடவுளிடமே கேள்வி கேட்டார். நம் சனங்கள் 1948இல் பிரஜாவுரிமை இழந்தார்கள். 1964 ஒப்பந்தத்தால் குடும்பம் குடும்பமாக இந்தியாவுக்குப் பிரிந்து போனார்கள். மிச்சம் இருந்தவர்களுக்கு 2003 சட்டம் வரைக்கும் வழக்கு இழுபட்டது. அத்தனை வருஷமும் பொறுத்தார்கள், கேட்டுக்கொண்டும் இருந்தார்கள்.

ஆகவே, சேமலாப நிதிக் காசு வரவில்லையா? கடிதம் எழுதுங்கள், தேதி குறித்துக்கொள்ளுங்கள், மறுபடி போங்கள். ஆனால் அடிபடுகிற மனைவியிடம், "பொறுத்துக்க புள்ள, வேதத்துல அப்பிடித்தான் இருக்கு" என்று யாரும் சொல்லக்கூடாது. பொறுமை பழக வேண்டியது அடிக்கிறவன். அப்படிப்பட்ட தாய்மாருக்கு 1938, பிள்ளைகளுக்கு 1929 என்ற தொலைபேசி இலக்கங்கள் இருக்கின்றன. எங்களிடமும் வரலாம்.

எப்படித் தொடங்குவது? பிரட்டுக்குப் போகுமுன் காலையில் நேரம் இல்லாவிட்டால் இராச்சாப்பாட்டுக்குப் பிறகு வையுங்கள். ஆனால் ஒரே நேரமாக இருக்கட்டும். நீதிமொழிகளில் 31 அதிகாரங்கள். மாதத் தேதிக்கு ஒன்றாக வாசிக்கலாம். கோபத்தைப் பற்றிய புத்தி அதில் நிறைய உண்டு. 15ஆம் தேதி வரும்போது, மெதுவான பதில் என்ன செய்யும் என்று பாருங்கள். எழுத்துத் தெரியாத பாட்டிக்குப் பேத்தி வாசிக்கட்டும். பிள்ளைக்கும் தமிழ் வாசிப்புத் திருந்தும். வாசித்து முடிந்ததும் மூடிவிட்டு எழும்பாதீர்கள். இரண்டு நிமிஷம் அமைதியாக இருந்து, "இன்னிக்கு நான் யாரோட எரிஞ்சு விழுந்தேன்? நாளைக்கு அவங்ககிட்ட எப்பிடிப் பேசுவேன்?" என்று மனதுக்குள் கேளுங்கள். ஒரு நாள் தவறினால் மறுநாள் தொடருங்கள்.

இந்து சமயக் குடும்பங்களும் இங்கே இருக்கிறீர்கள். திருக்குறளின் 16ஆம் அதிகாரம் பொறையுடைமை, பத்துக் குறள். அதை நாளுக்கு ஒன்றாக எடுத்து இதே மாதிரி யோசிக்கலாம்.

ஒரு மாதத்தில் கோபம் எல்லாம் போய்விடும் என்று நாங்கள் சொல்ல மாட்டோம். கை ஓங்குவதற்கு முன் ஒரு மூச்சு நேரம் நிற்கப் பழகினாலே பெரிய காரியம். அந்த ஒரு மூச்சில் ஒரு பிள்ளை அடிபடாமல் தப்பும். இன்று இராத்திரியே தொடங்குங்கள். அடுத்த கூட்டத்தில் எப்படிப் போனது என்று எங்களுக்குச் சொல்லுங்கள்.