களம் அஞ்சாமை

போர்ட் பிளேர் என நாம் நெடுங்காலம் அறிந்திருந்து, 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் பெற்ற நகரிலிருந்து வடக்கே சென்றால் பெரார்கஞ்ச் என்னும் ஊரை அடையலாம். அங்கு ஒரு பள்ளி விளையாட்டு விழாவைக் காணும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. பயிற்சியில் எல்லோரையும் முந்தும் சிறுமி ஒருத்தி, நூறு மீட்டர் ஓட்டம் தொடங்கும் வேளையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அமர்ந்துவிட்டாள். "உடம்புக்கு என்னம்மா?" என்று ஆசிரியை வினவினார். "ஒன்றுமில்லை டீச்சர், அப்பா பார்க்கிறார்" என்றாள்.

அச்சிறு விடையிலே நம் பொருள் முழுதும் அடங்கியுள்ளது. வள்ளுவர் 'அவை அஞ்சாமை' என ஓர் அதிகாரமே வகுத்தார். போர்க்களத்தில் சாவுக்கு அஞ்சாதவரினும் அவைக்கு அஞ்சாதவர் அரியர் என்பது அவர் கருத்து. விளையாட்டுக் களமும் ஓர் அவையே. தீவிலும் அயல் மாநிலத்திலும் வாழும் நம் பிள்ளைகளுக்கு அந்த அவை இன்னும் பெரிது. நாட்கணக்கில் கப்பலிலோ ரயிலிலோ சென்று, ஒரே ஒரு போட்டியில் கலந்து திரும்ப வேண்டும். "இவ்வளவு செலவழித்து வெறுங்கையோடு வந்தாயா?" என்ற கேள்வி, யாரும் கேட்குமுன்னரே அவர்கள் காதில் ஒலிக்கிறது.

நடுக்கத்தின் இயல்பை முதலில் அறிதல் வேண்டும். அச்சம் எழும்போது அட்ரினலின் என்னும் சுரப்பு குருதியில் கலக்கிறது. இதயம் விரைகிறது, நா வறள்கிறது, குருதி குடலை விட்டுத் தசைகளுக்குப் பாய்வதால் வயிறு கலங்குகிறது. இது நோயன்று, ஓடுவதற்கு உடல் செய்யும் ஆயத்தமே. ஹார்வர்டு பல்கலைக்கழகத்து அலிசன் உட் புரூக்ஸ் 2014இல் வெளியிட்ட ஆய்வில், 'அமைதியாயிரு' என்று தம்மை அடக்க முயன்றவரினும், அப்படபடப்பை ஆர்வமெனக் கொண்டவரே பாட்டிலும் பேச்சிலும் சிறந்தனர். ஆகவே, "பயப்படாதே" என்பதால் பயனில்லை. "உன் உடல் தயாராகிவிட்டது" என்று சொல்லுவதே நன்று.

அடுத்தது பழக்கம். மூச்சை மெல்ல வெளிவிடுதல், காலணிக் கயிற்றை ஒரே முறையாகக் கட்டுதல், முதல் பத்து அடிகளை மட்டும் எண்ணுதல் ஆகியவற்றைப் பயிற்சி நாளிலேயே பழகினால், போட்டி நாளில் மனம் அவற்றைப் பற்றிக்கொள்ளும். பிறர் பார்க்க ஓடுவதையும் பயிற்சியிலேயே பழக்கவேண்டும்.

இத்தீவுகளிலேயே சான்று உண்டு. கார் நிக்கோபாரைச் சேர்ந்த ஈசோ ஆல்பன் 2018இல் சுவிட்சர்லாந்தில் நடந்த உலக இளையோர் சைக்கிள் போட்டியில், 'கெய்ரின்' பந்தயத்தில் வெள்ளிப் பதக்கம் பெற்றார். அப்பந்தயத்தில் வீரர்கள் முதலில் ஒரு மோட்டார் வண்டியின் பின்னே கட்டுப்பட்டுச் செல்லவேண்டும். அது விலகிய பின்னரே முழுவேகம். மனம் பறக்கும் வேளையில் பொறுத்திருப்பதே அங்கு சோதனை. தங்கம் நூலிழையில் தவறியது. மறு ஆண்டே ஜெர்மனியில், தோழர் இருவருடன் குழுப் பந்தயத்தில் அவர் தங்கம் வென்றார்.

சென்னையின் குகேஷையும் நினைவுகூர்வோம். 2022இல் மாமல்லபுரம் சதுரங்க ஒலிம்பியாடில் தொடர்ந்து எட்டு ஆட்டங்களை வென்றவர், பத்தாம் சுற்றில் வெல்லும் நிலையிலிருந்து தவறி, தோற்றார். 2024இல் சிங்கப்பூரில் உலகப் பட்டப் போட்டியின் முதல் ஆட்டத்திலும் தோல்வியே. எனினும், மனப்பயிற்சியாளர் பாடி அப்டனின் துணையும் பெற்றிருந்த அவர், பதினான்காம் ஆட்டத்தில் வென்று பதினெட்டு வயதில் உலக வாகையரானார். ஒரு தோல்வியை அடுத்த ஆட்டத்திற்குச் சுமந்து செல்லாமையே அவர் நமக்குக் காட்டும் பாடம்.

பெற்றோர்க்கு ஒரு சொல். பிள்ளை களத்திலிருந்து வந்ததும் நாம் கேட்கும் முதற்கேள்வி எது? "எத்தனையாவது வந்தாய்?" என்பதாயின், அடுத்த போட்டியின் நடுக்கத்தை நாமே விதைக்கிறோம்.

பெரார்கஞ்ச் சிறுமி அன்று ஓடினாள். ஆசிரியை அவள் அருகில் குனிந்து, "முதல் பத்து அடி மட்டும் பார்" என்றார். மூன்றாவதாக வந்தாள். தந்தையார் வேலியருகே வந்து, "பசிக்கிறதா அம்மா?" என்று மட்டும் கேட்டார். அவள் சிரித்தாள். ஒலிவாங்கியின் முன் அமரும்போதெல்லாம் நா வறளும் நமக்கும் அச்சிரிப்பு ஆறுதலாயிற்று.