மனநோய் வைத்தியமும் நம்மவர் கடமையும்

(சேவூரில் கூடிய நம் சங்கப் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று எளியேன் பேச எடுத்துக்கொண்ட பொருள் பட்டு நூலின் விலையுமன்று, கூலி உயர்வுமன்று. அவற்றைப்பற்றிப் பேசுவோர் நம்முள் பலர் உளர், கேட்போரும் உளர். நம் வீடுகளின் பின்கட்டில் மறைத்து வைக்கப்படுவதும், பெண் பார்க்க வருவோர் வந்திருக்கும் வேளையில் கதவடைத்து ஒடுக்கப்படுவதுமாகிய ஒரு துன்பத்தைப்பற்றிச் சில சொல்லுமாறு சங்கக் காரியதரிசி அவர்கள் என்னைப் பணித்தனர். பைத்தியம் என்றும், சித்தப்பிரமை என்றும், காற்றுக் கருப்பு என்றும், கிரகக் கோளாறு என்றும் ஊருக்கொரு பெயரால் வழங்கும் மனநோயே அது. அதற்குப் பொதுமக்கள் பொருட்டு அரசாங்கம் நடத்தும் வைத்தியம் எவ்வாறு வளர்ந்தது, இன்று ஒரு மாவட்டத்தில் அதனைத் தலைமை தாங்கி நடத்துவோர்க்குள்ள வேலை யாது, அவ்வேலையில் நம்மவர்க்குரிய பங்கு யாது என்பனவற்றை இயன்றவரை விளம்புவேன்.

சென்னையிலே 1794-ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கம்பெனியைச் சார்ந்த வாலண்டைன் கொனோலி என்னும் வைத்தியர் பித்தர்க்கென ஒரு விடுதி தொடங்கினார். அதன்பின் 1871-இல் கீழ்ப்பாக்கத்தில் விரிந்ததோர் தோட்டத்தில் அரசாங்கப் பித்தர்சாலை எழுந்தது. 1922-இல் அது மனநோய் மருத்துவமனை எனப் பெயர் மாற்றம் பெற்றது. இந்நாளில் அரசு மனநலக் காப்பகமாக விளங்குகின்றது. நெடுங்காலம்வரை தமிழ்நாட்டில் மனநோய்க்கு அரசாங்க வைத்தியம் என்றால் அவ்வொரு மதில் சூழ்ந்த இடமே என்னும்படியாக இருந்தது. அதனாலன்றோ 'கீழ்ப்பாக்கம்' என்னும் ஊர்ப்பெயரையே நம் சிறுவர்களும் ஏளனச் சொல்லாக வழங்கக் கற்றுக்கொண்டனர்! நோயினும் அந்த ஏளனம் கொடிது என்பது என் துணிபு. நோய்க்கு மருந்துண்டு, ஏளனத்துக்கு அஞ்சி மருந்தை நாடாதவர்க்கு யாது செய்வது?

அந்த மருத்துவமனையின் தலைமையை 1961-இல் ஏற்று 1978 வரை நடத்தியவர் ஒரு பெண்மணி. இந்தியாவின் முதற்பெண் மனநல மருத்துவர் எனப் போற்றப்பெறும் டாக்டர் சாரதா மேனன் அவர்களே அவர். உள்ளே அடைத்து வைத்தலே வைத்தியம் என்றிருந்த இடத்தில், வந்து பார்த்து மருந்து பெற்று வீடு திரும்பும் முறையும், நோய் தணிந்தார்க்குக் கைத்தொழில் பயிற்றி மீண்டும் உலகியல் வாழ்வுக்கு ஆளாக்கும் முறையும் வேரூன்றப் பாடுபட்டவர். ஓய்வு பெற்றபின்னும் வாளாவிராமல் 1984-இல் ஸ்கார்ப் என்னும் மனச்சிதைவு ஆராய்ச்சி நிலையத்தைச் சென்னையில் நிறுவினார். 1992-இல் பத்மபூஷண் விருது பெற்று, 2021-இல் காலமானார். நம் பெண்மக்களை மேற்படிப்புக்கு அனுப்பத் தயங்கும் பெற்றோர் இவ்வம்மையார் வரலாற்றை ஒருமுறை எண்ணிப் பார்ப்பாராக. அது வேறு பொருள், நிற்க.

மருந்தைப்பற்றி ஒரு சொல். 1952-இல் பாரிஸ் நகரத்து வைத்தியர்கள் குளோர்ப்ரோமசின் என்னும் மருந்தை மனநோயாளிகட்குக் கொடுத்துப் பயன் கண்டனர். அதுவரை கட்டியும் அடைத்தும் வைக்கப்பட்டோர் பலர் அமைதியுற்றுப் பேசத் தொடங்கினர். அதன்பின் பல மருந்துகள் வந்துள்ளன. சர்க்கரை வியாதிக்கு நாள்தோறும் மாத்திரை கொள்வதுபோல இவற்றையும் வைத்தியர் சொல்லுமளவும் விடாது கொள்ளல் வேண்டும். சற்றே தெளிந்தவுடன் நிறுத்துவதே நம்மவர் வழக்கம். சில மாதங்களில் நோய் மீண்டும் தலையெடுக்கும். உடனே "இங்கிலீஷ் மருந்து பலிக்கவில்லை" என்பர். நெய்துகொண்டிருக்கும் சேலையைப் பாதியில் அறுத்தெடுத்து, முந்தானை எங்கே என்று கேட்பது போன்றது இது.

இனி மாவட்ட வைத்தியத்துக்கு வருவேன். 2011-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி நம் திருவண்ணாமலை மாவட்டத்து மக்கள் 24 லட்சத்துக்கு மேற்பட்டோர். உலகில் ஏறக்குறைய 300 பேர்க்கு ஒருவர் மனச்சிதைவு நோயுடையர் என உலகச் சுகாதார நிறுவனத்தார் கூறுகின்றனர். அக்கணக்கை நம் மாவட்டத்துக்குப் பொருத்தின், அந்நோய் ஒன்றினாலேயே எண்ணாயிரவர் வருந்துவர். மனச்சோர்வு, மதுவினால் வரும் கேடு, வலிப்பு, முதுமையின் மறதி முதலியவற்றை இதில் கூட்டவில்லை. ஒரு வைத்தியர் நாளொன்றுக்கு நாற்பது பேரைப் பார்ப்பதாயின், அந்த எண்ணாயிரவரை ஒவ்வொருமுறை பார்த்து முடிக்கவே இருநூறு நாள் செல்லும். மறுமுறை பார்ப்பது எப்பொழுது? ஆதலின் ஒரு மாவட்டத்து மனநல வைத்தியத்துக்குத் தலைவராயிருப்பவர் தாம் ஒருவரே எல்லாரையும் பார்க்க முயல்வாராயின், அவர் எத்துணை வல்லுநராயினும் தோற்பது உறுதி.

இவ்வுண்மையை உணர்ந்தே 1982-இல் இந்திய அரசாங்கத்தார் தேசிய மனநலத் திட்டத்தை வகுத்தனர். பெங்களூர் நிமான்ஸ் நிலையத்தார் 1985 முதல் 1990 வரை பல்லாரி மாவட்டத்தில் இதனைச் செய்து காட்டினர். அவர்கள் கண்ட வழி யாதெனின், ஆரம்பச் சுகாதார நிலையத்துச் சாதாரண வைத்தியர்க்குச் சில வாரப் பயிற்சி அளித்தல், நோயின் அடையாளங்களைக் கிராமத்துச் சுகாதார ஊழியர்க்குக் கற்பித்தல், இன்றியமையாத சில மருந்துகளை அந்நிலையத்திலேயே இருக்கச் செய்தல், கடினமான நோயாளியை மட்டும் மாவட்டத் தலைநகர்க்கு அனுப்புதல் என்பனவாம். இதன் பயன் கண்டு 1996-இல் தேசமெங்கும் நான்கு மாவட்டங்களில் மாவட்ட மனநலத் திட்டம் தொடங்கப்பெற்றது. அந்நான்கனுள் நம் திருச்சிராப்பள்ளியும் ஒன்று. பின்னர்த் தமிழ்நாட்டின் ஏனைய மாவட்டங்கட்கும் அது விரிந்தது. ஒரு மனநல மருத்துவர், ஓர் உளவியலாளர், ஒரு சமூக ஊழியர், ஒரு தாதியார், கணக்கும் பதிவும் காப்போர் என இவ்வளவே ஒரு குழு. குறித்த நாள்களில் வட்ட மருத்துவமனைகட்குச் சென்று நோயாளிகளைப் பார்ப்பது இக்குழுவின் கடமை.

இக்குழுவின் தலைவர்க்கு வைத்திய சாத்திரம் மட்டும் போதாது. மருந்து தீரும் முன்னரே எழுதிப் பெறவேண்டும். மாத்திரை இல்லை என்று ஒருமுறை திருப்பி அனுப்பப்பட்டவர் மறுமுறை வாரார். பதிவேட்டைப் புரட்டி, சென்ற மாதம் வந்தவர் இம்மாதம் ஏன் வந்திலர் என வினவ வேண்டும். பயிற்சி பெற்ற வைத்தியர் வேற்றூர்க்கு மாற்றப்பட்டால் புதியவர்க்கு மீண்டும் முதலிலிருந்து கற்பிக்க வேண்டும். இவையெல்லாம் புகழ் தரும் வேலைகள் அல்ல, எவரும் மாலையிடுவதற்கில்லை. ஆயினும் இவ்வேலை நடவாத இடத்தில் திட்டம் காகிதத்தில் மட்டும் இருக்கும். 2015-16-இல் நாடளாவிய மனநல ஆய்வு நடந்தபோது, வயது வந்தோரில் நூற்றுக்குப் பத்துப் பேர்க்கு மேல் ஏதேனும் ஒரு மனநோய் உடையரென்றும், அவருள் பெரும்பாலார் யாதொரு வைத்தியமும் பெறாதவரென்றும் தெரியவந்தது. குறை அரசாங்கத்தினது மட்டும் எனக் கூறிவிடல் எளிது. நாமும் நோயாளியை ஒளித்து வைத்தோமன்றோ?

ஒளித்து வைத்தலின் முடிவு யாது என்பதை ஏர்வாடி காட்டிற்று. 2001-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் நாள் விடியற்காலை, இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் தனியார் ஒருவர் நடத்திய மனநோயாளர் விடுதியில் தீப்பற்றியது. உள்ளிருந்தோர் சங்கிலியாற் பிணிக்கப்பட்டிருந்தமையின் ஓட இயலாது வெந்து மாண்டனர். இறந்தோர் 28 பேர். அவர்களை அங்கே கொண்டுவிட்டவர் அயலார் அல்லர், பெற்றோரும் உடன்பிறந்தாருமே. அன்பின்மையால் விட்டனர் என்றும் சொல்வதற்கில்லை. ஊரில் வைத்தியம் இல்லை. வீட்டில் வைத்துக் காக்க வலியில்லை. தர்காவின் அருளால் குணமாகும் என்ற நம்பிக்கை இருந்தது. உச்ச நீதிமன்றம் தானே முன்வந்து இதனை வழக்காக எடுத்துக்கொண்டது; அங்கிருந்த விடுதிகள் மூடப்பட்டன. 2017-இல் இயற்றப்பெற்று 2018 முதல் நடைமுறையில் உள்ள மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயாளியை எவ்வகையிலும் சங்கிலியிடலாகாது என்று விலக்கியுள்ளது. தற்கொலைக்கு முயன்றோரைக் கடும் மனவழுத்தம் உற்றவராகக் கருதிப் பராமரிக்க வேண்டும் என்றும் அச்சட்டம் கூறுகின்றது. பாவுக்கும் ஊடைக்கும் பட்ட கடன் பொறாமல் உயிர்விடத் துணிந்து பிழைத்த ஒருவர் போலீசுக்கு அஞ்சி ஆஸ்பத்திரிக்குச் செல்லாதிருக்க வேண்டுவதில்லை என்பதை நம்மவர் அறிக.

கோயிலுக்கும் தர்காவுக்கும் செல்லற்க என்று நான் கூறவில்லை. குணசீலத்துப் பெருமாள் சன்னதியில் எத்தனை குடும்பங்கள் ஆறுதல் பெறுகின்றன என்பது நீங்கள் அறிந்ததே. ஏர்வாடித் தர்காவிலேயே இப்பொழுது வழிபாட்டுடன் மருந்தும் சேர்த்து வழங்க அரசாங்கத்தார் ஏற்பாடு செய்துள்ளனர். தீர்த்தமும் மாத்திரையும் ஒன்றுக்கொன்று பகையல்ல. பகையென்று சொல்லிக் காசு பறிக்கும் பூசாரியிடத்தே எச்சரிக்கையாயிருங்கள், அவ்வளவே.

நம் மரபினர் நிலை இதில் சிறிது வேறு. கூலிவேலை செய்வோர் வீட்டில் ஒருவர் நோயுற்றால் ஒருவர் கூலி நின்றுபோம். நம் வீட்டிலோ தறி ஒன்று. அதனைச் சுற்றி வீடே வேலை செய்கின்றது. கணவன் குழித்தறியில் இறங்கினால் மனைவி தார் சுற்றவேண்டும். கோர்வைச் சேலையாயின் மறுபுறம் நாடா வாங்க ஓர் ஆள் வேண்டும். இவருள் ஒருவர் மனம் கலங்கின் தறியே நிற்கும். அவரை அழைத்துக்கொண்டு நாற்பது கிலோமீட்டர் அளவில் உள்ள வேலூர்க்குச் சென்றுவந்தால் இருவர்க்கு ஒருநாள் வேலை கெடும். மாதந்தோறும் சென்றால் முதலாளியிடம் வாங்கிய முன்பணம் ஏறும். வைத்தியம் நின்றுபோவதற்குக் காரணம் மூடநம்பிக்கை என்று நகரத்தார் எழுதுகின்றனர். பாதிக் காரணம் பஸ் கட்டணமும் இழந்த கூலியுமே என்பேன். ஆரணி அரசினர் மருத்துவமனையளவில் இவ்வைத்தியம் தவறாது நடைபெறுமாயின் நம் தறிகள் நில்லா.

வேலூரை நினைக்குங்கால் ஒன்று சொல்லாமல் விடல் ஆகாது. அவ்வூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியார் 1957-இல் பாகாயத்தில் மனநல நிலையம் திறந்தபோது, நோயாளியுடன் குடும்பத்தாரும் உடனுறையும் முறையைக் கைக்கொண்டனர். அமிருதசரஸில் டாக்டர் வித்யாசாகர் என்பாரும் 1950-களில் மருத்துவமனை வளாகத்தில் கூடாரம் அடித்து உறவினரை உடன் தங்கச் செய்தார். நோயைப்பற்றி உறவினர் கற்றனர், வீடு திரும்பியபின் ஏசாமல் நடத்தினர், நோயாளியும் நிலைபெற்றனர். மேனாட்டில் மனநோயாளியைக் குடும்பத்தினின்று பிரித்து வைப்பதே வழக்கமாயிருந்த காலத்தில் நம் நாட்டார் கண்ட வழி இது. கூட்டுக்குடும்பமாய் வாழும் நமக்கு இது புதிதன்று. ஆயின் நம் கூட்டுக்குடும்பம் அன்பு செய்யவும் வல்லது, அடக்கி வைக்கவும் வல்லது.

முடிவாக, கலியாணம். "ஒரு கால்கட்டுப் போட்டால் தெளிந்துவிடும்" என்று சொல்லாத கிழவியர் நம்முள் இலர். ஒரு வீட்டை மனத்தில் கொள்ளுங்கள். மகன் இரவெல்லாம் உறங்காமல் தனியே பேசுகின்றான். தறியில் அமர்ந்தால் விழுதெல்லாம் அறுபடுகின்றது. பெற்றோர் அதனை ஒளித்து, வெளியூரில் ஏழைப் பெண்ணொருத்தியைப் பார்த்து மணம் முடிக்கின்றனர். அவனது மாத்திரையைப் பெண்வீட்டார் காணலாகாது என்று மணத்துக்கு முன்னமே நிறுத்துகின்றனர். மணச் சந்தடியும் உறக்கக்கேடும் சேர்ந்து ஒரு திங்களுள் நோய் முற்றுகின்றது. அப்பொழுது ஊர் என்ன சொல்லும்? "மருமகள் கால் வைத்த வேளை" என்னும்! நோயும் அறியாள், மருந்தும் அறியாள், பழி மட்டும் ஏற்றாள். இஃது அறமா? பெண்மக்கள் நோயுற்றாலோ இதனினும் இழிவு. கணவன் வீட்டார் தாய்வீட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டு வேறு மணம் பேசத் தொடங்குகின்றனர். மனநோயுற்றவர் மணம் செய்யலாகாது என்பதன்று என் கருத்து. மருந்து தவறாது கொண்டு, தொழில் செய்து, மக்களைப் பெற்று வாழ்வோர் பலர் உளர். உண்மையைச் சொல்லி மணம் பேசுக என்பதே நான் வேண்டுவது. சொன்னால் சம்பந்தம் கிட்டாதே என்பர். எல்லாரும் மறைப்பதால்தான் சொல்பவர்க்குக் கிட்டவில்லை. இதனைத் தனி ஒருவர் மாற்ற முடியாது. ஒரு சங்கம் மாற்றலாம்.

ஆதலின் பின்வருமாறு தீர்மானம் கொண்டுவர விரும்புகின்றேன். ஆரணி மருத்துவமனைக்கு மாவட்ட மனநலக் குழுவினர் வரும் நாளை நம் காரியதரிசி நேரிற் கேட்டறிந்து, மாதந்தோறும் இப்பத்திரிகையின் முதற்பக்கத்தில் அச்சிடுக. அரசாங்கத்தார் 2022-இல் தொடங்கிய மனநலத் தொலைபேசி எண்ணாகிய 14416 என்பதையும் அதன்கீழ் அச்சிடுக. எந்நேரமும் இலவசமாகப் பேசலாம். மாதந்தோறும் மருந்துக்குச் செல்லும் ஏழை நெசவாளர்க்கும் உடன்செல்லும் ஒருவர்க்கும் பஸ் கட்டணமும் ஒருநாட் கூலியும் சங்க நிதியினின்று அளிக்கப்படுக. பெற்றோர் பெயர் எக்கணக்கிலும் வெளியிடப்படாதிருக்க. மருந்து வாராது நின்றுபோம் மாதங்களில் மாவட்ட ஆட்சியர்க்குச் சங்கத்தின் பெயரால் விண்ணப்பம் செய்க. நோய் தணிந்தவர் மீண்டும் தொழில் தொடங்குங்கால், முழுச் சேலைக்குப் பாவு கொடுக்கத் தயங்கும் முதலாளிமார், தார் சுற்றுதல் முதலிய எளிய வேலையேனும் முதற்கண் கொடுத்து உதவுமாறு அவர்களைக் கேட்டுக்கொள்க.

செலவு எவ்வளவு ஆகும் என்று பொருளாளர் கேட்பார், கேட்பதும் முறையே. முதலாண்டில் பத்துக் குடும்பத்தளவில் வைத்துத் தொடங்குவோம். சென்ற ஆண்டுவிழாவில் பந்தலுக்கும் ஒலிபெருக்கிக்கும் நாம் செலவிட்ட தொகையை அவரே எழுந்து வாசிப்பாராக. அதன்பின் இத்தீர்மானத்தை வாக்கெடுப்புக்கு விடுமாறு அவைத்தலைவர் அவர்களை வேண்டிக்கொள்கின்றேன்.