கையறிவும் பள்ளிக் கணக்கும்

(சிலமலையில் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர் கூட்டத்தில் கூட்டுறவு இலாகா இன்ஸ்பெக்டர் ஒருவர் செய்த பிரசங்கம்)



தவணை, வட்டி, ஜாமீன் ஆகியவற்றைப் பற்றியே நான் பேசுவேன் என்று எண்ணி வந்திருப்பீர்கள். பாக்கி வைத்திருக்கும் சிலர் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்திருப்பதிலிருந்தே அது விளங்குகிறது. இன்று அவர்கள் அஞ்ச வேண்டுவதில்லை. உங்கள் பிள்ளைகளின் படிப்பைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்லவே உத்தேசித்திருக்கிறேன்.

சென்ற மாதம் பாக்கி விஷயமாக ஓர் அங்கத்தினர் வீட்டுக்குச் சென்றிருந்தேன். விடுமுறை நாள். அவருடைய மகன், பன்னிரண்டு வயதுப் பிள்ளை, திண்ணையில் தாயார் அருகில் உட்கார்ந்து ஏலக்காயைத் தரம் பிரித்துக் கொண்டிருந்தான். 8 மில்லிமீட்டர் சல்லடையில் நிற்கும் காய் எது, 7 மில்லிமீட்டரில் நிற்கும் காய் எது என்று சல்லடையில்லாமலே, கண்ணும் விரலும் சொன்னபடி ஒதுக்கினான். "தம்பி, பச்சைக் காய் 35 கிலோவை உலர்த்தினால் எவ்வளவு தேறும்?" என்று கேட்டேன். "ஏழு கிலோ தேறுங்க ஐயா. நல்லா முத்தின காயா இருந்தா கொஞ்சம் கூடவும் நிக்கும்" என்றான். ஐந்துக்கு ஒன்று என்னும் இக்கணக்கு போடி வியாபாரிகள் யாவரும் அறிந்ததே. ஆயினும் அவன் விடை சொன்ன வேகம் என்னை வியக்கச் செய்தது.

தகப்பனாரோ தலையில் கையை வைத்துக் கொண்டார். "வாய்க்கணக்கெல்லாம் சரிதான் ஐயா. பள்ளிக்கூடத்துக் கணக்கிலே முட்டை வாங்கி வருகிறான். இவனுக்குப் படிப்பு ஏறாது, மலைக்கு அனுப்பிவிடலாம் என்று இருக்கிறேன்" என்றார்.

பிள்ளையின் நோட்டுப் புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். 1/5, 1/8 இரண்டில் பெரியது எது என்ற வினாவுக்கு 1/8 என்று எழுதியிருந்தான். ஏன் என்று கேட்டதற்கு, "எட்டுதானே பெரிசு" என்றான். யோசித்துப் பாருங்கள், அவன் மூடன் அல்லன். சல்லடையில் எட்டாம் நம்பர் காய்தான் பெரிய காய், விலை கூடிய காய். கை கற்பித்ததையே அவன் காகிதத்திலும் எழுதிவிட்டான். வெல்லக்கட்டி ஒன்றை ஐவர் பங்கிட்டால் ஒருவனுக்கு எவ்வளவு, எண்மர் பங்கிட்டால் எவ்வளவு என்று கேட்டேன். உடனே சிரித்து விட்டான். அந்தச் சிரிப்போடு விட்டுவிடாமல், இரண்டு கோடுகள் வரையச் செய்து, ஒன்றை ஐந்தாகவும் மற்றதை எட்டாகவும் பிரிக்கச் சொல்லி, அதன் கீழ் இலக்கத்தில் எழுதச் செய்தேன். கால் மணி நேரம் ஆயிற்று. பாக்கியைப் பற்றிப் பேச மறந்து போயிற்று. அது வேறு விஷயம்.

பொருளில் தொடங்கி இலக்கத்தில் முடிக்கும் இந்த முறை நான் கண்டுபிடித்ததன்று. இத்தாலி தேசத்து மரியா மாண்டிசோரி அம்மையார், வைத்தியப் பட்டம் பெற்றவர், 1907-ஆம் வருஷம் ரோமாபுரியில் ஏழைத் தொழிலாளர் குழந்தைகளுக்காக ஒரு பள்ளி தொடங்கி இதை நடத்திக் காட்டினார். அவர் 1939-ல் சென்னை அடையாற்றுக்கு வந்து உபாத்தியாயர்களுக்குப் பயிற்சி அளித்தார். அடுத்த வருஷம் இத்தாலி யுத்தத்தில் இறங்கவே, அன்றைய பிரிட்டிஷ் சர்க்கார் அவருடைய நடமாட்டத்துக்குக் கட்டுப்பாடு விதித்தது. 1942 முதல் 1944 வரை அவர் தங்கியிருந்தது நமக்கு அயல் மலையாகிய கொடைக்கானலில்தான் என்பதை உங்களில் பலர் அறிந்திருக்க மாட்டீர்கள்.

அவர் குழந்தைகள் கையில் மணிகளைக் கொடுத்தார். ஒற்றை மணி ஒன்று. பத்து மணிகள் கோத்த கம்பி பத்து. அத்தகைய கம்பிகள் பத்து சேர்ந்த சதுரம் நூறு. பத்துச் சதுரங்களை அடுக்கினால் ஆயிரம். ஆயிரத்தைத் தூக்கிப் பார்த்த பிள்ளைக்கு, ஒன்றுக்குப் பின் மூன்று பூஜ்யம் போடுவதன் காரணத்தை விளக்க வேண்டியதில்லை. எழுத்துக்களையும் உப்புத்தாளில் வெட்டி ஒட்டி, விரலால் தடவச் செய்தார். நம் திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகியதும் ஏறக்குறைய இதுவே. பிரம்படி மட்டும் அம்மையாரிடம் இல்லை.

தமிழ்நாட்டிலும் 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் செயல்வழிக் கற்றல் தொடங்கி, 2007-ல் மாநிலமெங்கும் பரவியது. அட்டைகளைக் கொண்டு, ஏணியில் படிப்படியாக ஏறுவது போல ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் கற்கும் ஏற்பாடு அது.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை அவசியம். "என் பிள்ளை கையால் கற்பவன், ஆகவே கைவேலைக்கே ஏற்றவன்" என்று முடிவு கட்டுவோர் உளர். இது பெரும் பிழை. பிள்ளைகளைக் கண்ணால் கற்பவர், காதால் கற்பவர், கையால் கற்பவர் என்று பிரித்து அவரவர்க்கு ஏற்பப் போதித்தால் அதிகம் தேறுவர் என்பதற்குத் தக்க சான்றில்லை என்று அமெரிக்க மனோதத்துவ அறிஞர் நால்வர் 2008-ல் ஆராய்ந்து எழுதினர். பொருளைத் தொட்டுத் தொடங்குவது எல்லாப் பிள்ளைகளுக்கும் உதவும். அதோடு நின்றுவிடுவது எந்தப் பிள்ளைக்கும் உதவாது.

1953-ல் சென்னை மாகாணத்தில் கிராமத் தொடக்கப் பள்ளிகளுக்கு ஒரு திட்டம் வந்தது. மூன்று மணி நேரம் பள்ளி. மிகுதி வேளையில் தகப்பனார் தொழில். குலக்கல்வி என்று ஜனங்கள் அதை எதிர்த்தனர். காமராஜர் முதன்மந்திரியான பின் 1954-ல் அது கைவிடப்பட்டது. அரசியல் பேசுவது என் உத்தியோகத்துக்குப் பொருந்தாது. ஆயினும், அப்படிக் கைவிடப்பட்ட அதே ஏற்பாட்டை நாம் வீட்டுக்கு வீடு நம் கையாலேயே நடத்துகிறோமா என்று கேட்க எனக்கு உரிமை உண்டு. ஐந்து கிலோ பச்சைக் காய் ஒரு கிலோவாகும் என்று அறிந்தவன் கூலிக்காரனாகவும் இருக்கலாம். அதையே நூற்றுக்கு இருபது என்று எழுதத் தெரிந்தவன் ஏலச் சீட்டையும் சங்கக் கணக்கையும் தானே சரிபார்ப்பான். நம் பேரேட்டில் கைநாட்டு இருக்கும் இடமெல்லாம் பிறர் சொன்ன தொகையை நம்பி வைத்த இடமே.

எழுத்தறியாத பெற்றோர் என்ன செய்யக்கூடும் என்று கேட்பீர்கள். சங்கப் பாஸ் புத்தகத்தை மாதம் ஒருமுறை பிள்ளையிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். புளியங்கொட்டையைப் பத்துப் பத்தாகத் துணியில் முடிந்து, பத்து முடிச்சை ஒரு பெட்டியில் போடுங்கள், நூறு ஆயிற்று. பிள்ளை முதலில் வாயால் சொல்லட்டும், பிறகு எழுதட்டும். எழுதாமல் எழுந்து போக விடாதீர்கள். பிழையாக எழுதினால் அடிக்க வேண்டாம். ஏன் அப்படி எழுதினாய் என்று கேளுங்கள். பெண் பிள்ளைகளுக்கும் இதுவே. தராசைத் தம்பி கையில் கொடுத்துவிட்டு அவளை அடுப்படிக்கு அனுப்ப வேண்டாம்.

நான் சொன்ன பையன் இன்னும் பள்ளிக்குப் போகிறான். சென்ற வாரம் பின்னங்களைச் சரியாக எழுதிக் காட்டினான். தசமப் புள்ளியை மட்டும் இடம் மாற்றிப் போடுகிறான். தகப்பனார் இந்த வருஷம் பொறுத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார். அதற்கு மேல் வாக்குக் கொடுக்கவில்லை.

கடைசியாக ஒரு விண்ணப்பம். சங்க அறையில் உபயோகமற்றுக் கிடக்கும் பழைய தராசைப் பள்ளிப் பிள்ளைகளின் பயிற்சிக்கு இரவலாகக் கொடுக்க அடுத்த கூட்டத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவரும்படி கேட்டுக் கொள்கிறேன். அதனுடன் இருந்த படிக்கற்களில் இரண்டைக் காணோம் என்று காரியதரிசி சொல்கிறார். வைத்திருப்பவர் தயவுசெய்து திருப்பிக் கொடுத்துவிடவும், பெயர் கேட்கமாட்டோம்.