முதல் வீடும் ஊர்த் தேர்வும்
(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய உபந்நியாசம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் வேதாந்தமுமன்று, அரசியலுமன்று. குடும்பஸ்தர் ஒவ்வொருவர் நெஞ்சிலும் இரவு பகலாய் உறுத்திக்கொண்டிருப்பதேயாம். வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார் என்று நம் முன்னோர் சொல்லிவைத்தது வீணுக்கன்று. அக்காலத்தில் ஊர் பிறப்பிலேயே அமைந்துவிட்டது. வீடு ஒன்றே தேட வேண்டியிருந்தது. இக்காலத்திலோ சென்னையில் உத்தியோகம் பார்க்கும் நம் இளைஞர், பட்டணத்து விலைக்கு அஞ்சிப் புறநகர்களில் ஊரையும் தேடி, வீட்டையும் தேட வேண்டியவராயிருக்கின்றனர். ஆயினும் நடப்பது யாது? சதுர அடி விலையை விசாரிக்கின்றனர், சமையலறைக் கல்லைத் தடவிப் பார்க்கின்றனர், ஊரை விசாரிப்பாரில்லை. வீட்டில் குறையிருப்பின் இடித்துக் கட்டலாம். ஊரில் குறையிருப்பின் அதை இடித்துக் கட்ட யாரால் இயலும்? ஆதலின் ஊரை முன்னும் வீட்டைப் பின்னும் தேர்ந்துகொள்ள வேண்டும் என்பதே நாம் இன்று வற்புறுத்தக் கருதுவது.

சென்னையின் புறநகர்கள் எவ்வாறு ஊராயின என்பதைச் சிறிது நோக்குவோம். 1931ஆம் ஆண்டில் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரெயில் ஓடத் தொடங்கிற்று. அதற்கு முன்பே, 1928இல், தாம்பரத்தில் க்ஷயரோக ஆஸ்பத்திரி ஏற்பட்டிருந்தது. 1937இல் கிறிஸ்தவக் கலாசாலை பட்டணத்திலிருந்து அங்கே குடிபெயர்ந்தது. குரோம்பேட்டை என்னும் பெயரே அங்கிருந்த குரோம் தோல் தொழிற்சாலையால் வந்தது. மேற்கே ஆவடியும் அம்பத்தூரும் தொழிற்சாலைகளால் செழித்தன. இவற்றால் அறியக்கிடப்பது, ரெயிலும் கல்வியும் வைத்தியமும் தொழிலும் வந்து சேர்ந்த பின்னரே ஓரிடம் ஊராகிறது என்பது. வெட்டவெளியில் வர்ணக் கொடிகளை நட்டு, வளைவு ஒன்று எழுப்பி, நகர் என்று பெயரிட்டுவிட்டால் அது ஊராகிவிடாது. தாம்பரம் 2021லும், ஆவடி 2019லும் மாநகராட்சிகளாயின. ஆயினும் பெயர் உயர்ந்த மாத்திரத்தில் ஒவ்வொரு தெருவுக்கும் சாக்கடை வந்துவிடுவதில்லை. தெருவை நேரில் கண்டே தீர்மானிக்க வேண்டும்.

இனிப் பிரயாணத்தைப் பற்றி ஒரு கணக்குச் சொல்லுவோம். கடற்கரையிலிருந்து தாம்பரம் சுமார் 30 கிலோமீட்டர். செங்கற்பட்டு சுமார் 60 கிலோமீட்டர். தூரம் ஏற ஏற விலை இறங்கும் என்பது மெய்யே. ஆனால் வீட்டு வாயிலிலிருந்து ஆபீஸ் வாயில் வரை ஒன்றரை மணி நேரம் ஆகுமாயின், போக்குவரத்துக்கு நாளொன்றுக்கு 3 மணி. ஆண்டில் 300 நாள் வேலையென்று கொண்டால் 900 மணி. அதாவது முப்பத்தேழரை முழு நாள். இருபது ஆண்டில் இது 750 நாளாகும். விலையில் மீந்த பணத்துக்கு ஈடாக ஆயுளில் இரண்டாண்டுக்கு மேல் கொடுக்கிறோம் என்பதை யார் கணக்கிடுகின்றனர்? சம்பாதிப்பவர் இதைப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் பகல் முழுதும் அவ்வூரில் வாழ்பவர் அவரல்லர்; முழங்கால் நோவும் தாயாரும், பள்ளிக்குச் செல்லும் குழந்தையும், உத்தியோகம் முடிந்து இரவு எட்டு மணிக்கு ஸ்டேஷனில் இறங்கி விளக்கில்லாத தெருவில் நடந்து வரும் மனைவியும் மகளுமே. ஊரின் தகுதியை இவர்களை வைத்தே அளக்க வேண்டும். ஆஸ்பத்திரி எத்தனை தூரம்? கடைசி பஸ் எத்தனை மணிக்கு? இக்கேள்விகளை வீட்டுப் பெண்கள் கேட்டறிந்து சம்மதித்த பின்னரே முன்பணம் கொடுத்தல் தகும். சொந்த ஊர்ப் போக்குவரத்தையும் நினைக்க வேண்டும். தென் ஜில்லாக்காரருக்கு 2023 டிசம்பரில் கிளாம்பாக்கத்தில் திறந்த பஸ் நிலையம் அண்மையில் இருத்தல் அனுகூலம். வேலூர்ப் பக்கத்தாருக்கு ஆவடி, திருவள்ளூர் மார்க்கம் அனுகூலம்.

அடுத்தது நீர். செங்கற்பட்டுச் சீமையை ஏரி ஜில்லா என்று அழைப்பது பழைய வழக்கம். தாங்கல் என்பது சிறு ஏரியின் பெயர். பழவந்தாங்கல், ஐயப்பந்தாங்கல் என்னும் பெயர்களில் நம் முன்னோர் நீரின் இருப்பிடத்தை எழுதிவைத்தே போயினர். நாம்தாம் படிப்பதில்லை. 2015 டிசம்பரில் அடையாறு கரை புரண்டபோது முடிச்சூர், வரதராஜபுரம் முதலிய இடங்களில் ஜனங்கள் பட்ட பாட்டை யாவரும் அறிவர். 2023 டிசம்பர்ப் புயலில் அவ்விடங்களிலே மறுபடியும் வெள்ளம் புகுந்தது. நீர் தன் பழைய வழியை மறப்பதில்லை. இதற்கு மாறாக, 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வறண்டு, பட்டணம் முழுதும் குடத்தோடு நின்றது. ஆகவே ஓர் ஊரை ஐப்பசி கார்த்திகையில் ஒரு முறையும், சித்திரையில் ஒரு முறையும் பார்க்க வேண்டும். சுவரில் வெள்ளக் கறை எம்மட்டும் இருக்கிறதென்று நோக்குக. மளிகைக் கடைக்காரரையும் ஆட்டோ ஓட்டுபவரையும் கேளுங்கள். மனை விற்பவர் சொல்லாததை அவர்கள் சொல்லுவர். கிணற்று நீரைப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். பம்மல், நாகல்கேணிப் பக்கங்களில் தோல் பதனிடும் தொழிலால் நிலத்தடி நீர் கெட்ட வரலாறு நமக்குப் பாடமாயிருக்கட்டும்.

மூன்றாவது தஸ்தாவேஜு. ரிஜிஸ்டர் ஆகிவிட்டது என்பதொன்றே உரிமைக்குப் போதிய சான்றாகாது. மூலப் பத்திரம் முதல் இன்றுவரை தொடர்ச்சி, 30 ஆண்டு வில்லங்கச் சான்று, பட்டா, நில அளவைப் படம் ஆகிய யாவும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். ஏரி, ஓடைப் புறம்போக்கு ஓரடியும் கலந்திருத்தலாகாது. அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்வதற்கு 2016இல் சென்னை உயர்நீதிமன்றம் தடை விதித்தது. 2016 அக்டோபர் 20ஆம் தேதிக்குள் ஏற்பட்ட மனைப்பிரிவுகளை வரன்முறைப்படுத்த 2017இல் விதிகள் வந்தன. அத்தேதிக்குப் பின் அனுமதியின்றிப் பிரித்த மனை மலிவாகக் கிடைத்தால், அம்மலிவே அதன் வியாதி என்று அறிக. புதிய அடுக்குமாடியாயின், 2016ஆம் வருஷத்துச் சட்டப்படி ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவாகியுள்ளதா என்பதையும் பார்க்க வேண்டும்.

கடனைப் பற்றி இரண்டு வார்த்தை. 30 லட்சம் ரூபாயை 9 சதவீத வட்டியில் 20 ஆண்டுத் தவணைக்கு வாங்கினால், மாதம் ஏறக்குறைய 27,000 ரூபாய் கட்ட வேண்டும். முடிவில் கட்டிய தொகை சுமார் 65 லட்சமாகும். மனைக் கிரயத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் வேறு. எனவே கிரய விலையை மட்டும் கையில் வைத்துக்கொண்டு புறப்படுதல் கூடாது. தங்கையின் கல்யாணத்தையும் தந்தையின் வைத்தியத்தையும் அடகு வைத்து எழுப்பும் சுவர் நிழல் தராது.

இறுதியாக, மனத்தில் பட்டதை மறையாது சொல்லுவோம். எவ்வூரைச் சொன்னாலும் நம்மவர் முதலில் கேட்பது, அங்கே நம்மவர் உண்டா என்பதே. நன்மை தீமைக்கு உறவினர் அண்மையில் இருத்தல் நல்லதே. ஆனால் நள்ளிரவில் மூச்சுத் திணறும்போது வண்டி கொண்டுவருபவர் அடுத்த வீட்டுக்காரர். அவர் எக்குலத்தவரென்று அப்பொழுது யாரும் கேட்பதில்லை. நம்மவர் தெரு என்று வெள்ளக்காட்டில் மனை வாங்குதல் பேதைமை. அதனினும் பெரிய அபாயம் ஒன்றுண்டு. விற்பவர் நம்மவர், பத்திரம் கேட்டால் மரியாதையன்று என்று கூசி, பல்லாண்டுச் சேமிப்பைக் கைம்மாற்றிவிடுதல். சுற்றத்தார் என்னும் நம்பிக்கை வேறு, சொத்தின் உரிமை வேறு. நாணயமுள்ள உறவினர் தஸ்தாவேஜைத் தாமே முன்வந்து காட்டுவார். காட்ட மறுப்பவரிடம் கூசவேண்டியது நாமல்லோம்.

இதற்குச் சங்கம் செய்யத்தக்கது ஒன்றுண்டு. நம்மில் ரிஜிஸ்டர் ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்றோர் இருக்கின்றனர். வக்கீல்கள், இஞ்சினீயர்கள் இருக்கின்றனர். இவர்களில் ஐவரைக் கொண்டு ஒரு சிறு கமிட்டி அமைப்போம். முதல் வீடு வாங்கும் அங்கத்தினர் முன்பணம் கொடுப்பதற்கு முன் தம் தஸ்தாவேஜுகளை அவர்களிடம் காட்டட்டும். அவ்வூர்களில் ஏற்கெனவே குடியிருக்கும் நம் குடும்பத்தார் நீர், வெள்ளம், பள்ளி, போக்குவரத்து முதலிய விவரங்களை எழுதியனுப்பினால், ஊர்வாரியாகத் தொகுத்து இப்பத்திரிகையிலேயே வெளியிடலாம். கல்யாண மண்டபத்துக்குச் சேர்க்கும் நிதியைவிட இது பல குடும்பங்களைக் காக்கும் என்பது நம் துணிபு. வருகிற கூட்டத்தில் இதனைத் தீர்மானமாகக் கொண்டுவருமாறு அக்கிராசனாதிபதி அவர்களை வேண்டிக்கொள்கிறோம்.