ஒரு படி, பிறகு அடுத்த படி

ராஜபாளையம் நூற்பாலைகளின் ஊர். ஆகவே மீப்பெரு பொது வகுத்தியை நூலிலேயே தொடங்கினேன். 84, 36 செ.மீ. நூல்கள் இரண்டு. மீதியின்றி இரண்டையும் அளக்கும் மிக நீளமான துண்டு எது?

முன்பெல்லாம் யூக்ளிடின் வழிமுறையை முழுதாகக் கரும்பலகையில் எழுதிவிடுவேன். எண்ணை மாற்றினால் மாணவர்கள் திகைப்பார்கள். இம்முறை எழுதவில்லை.

இரண்டையும் அளக்கும் துண்டு, மிச்சத்தையும் அளந்தாக வேண்டும் அல்லவா? நீள நூலிலிருந்து 36-ஐ வெட்டினார்கள்: மிச்சம் 48. மீண்டும் வெட்ட, 12. பிறகு 36-ஐ 12 ஆல் அளந்தார்கள்: மூன்று முறை, மிச்சமில்லை. விடை 12.

"ஏன் நிறுத்தினோம்?" என்றேன். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வரும், வகுப்பில் வாய் திறவாத மாணவி, "வெட்ட மிச்சம் இல்லையே சார்" என்றாள். எங்கே முடிக்க வேண்டும் என்பதை அவளே கண்டுகொண்டாள்.

வழிமுறையைச் சொல்லிக்கொடுக்க ஐந்து நிமிடம். கண்டறியவிட ஒரு பாடவேளை. அதைக் கொடுப்போம்.