கீழாநெல்லியும் கல்லீரல் ஆய்வும்



உணவு, மருந்து, கல்வி, அடைக்கலம் எனத் தானம் நால்வகைப்படும் என்பது சமண அறம். தமிழ்ச் சமணப் புலவர்கள் தம் அறநூல்களுக்கே மருந்தின் பெயரைச் சூட்டினர். கணிமேதாவியாரின் ஏலாதி ஆறு மருந்துப் பொருள்களையும், காரியாசானின் சிறுபஞ்சமூலம் ஐந்து வேர்களையும் தம் பெயரில் தாங்கி நிற்கின்றன. மருந்து கொடுப்பது அறமெனில், அம்மருந்து நோயைத் தீர்க்குமா என ஆராய்ந்து அறிவதும் அவ்வறத்தின் பகுதியே ஆகும்.

அரியலூர் மாவட்டத்தில் கொள்ளிடத்தின் வடகரையில் விளங்கும் திருமழபாடியில் எழுந்தருளியுள்ள இறைவனின் திருப்பெயர் வைத்தியநாதர். நோய் தீர்ப்பவனையே இறைவனாக வணங்கும் இத்தகைய ஆற்றங்கரை ஊர்களில் மஞ்சள் காமாலை என்றவுடன் நினைவுக்கு வருவது கீழாநெல்லி. ஈர வரப்பில் தானே முளைத்து, இலைக்காம்பின் கீழ் வரிசையாகக் காய் தாங்கும் சிறு செடி அது. அதனை அரைத்து மோரில் கலந்து வெறும் வயிற்றில் பருகி, உப்பும் எண்ணெயும் நீக்கிப் பத்தியம் காப்பர். சில வாரங்களில் கண்ணின் மஞ்சள் மறையும். செடியின் புகழ் ஓங்கும்.

ஆயின், மஞ்சள் காமாலை என்பது ஒரு நோயன்று. கல்லீரல் அல்லது பித்தநாளம் துன்புறுவதன் அறிகுறி. அசுத்த நீரால் பரவும் ஏ, ஈ வகை வைரஸ்களால் வரும் காமாலை பெரும்பாலோர்க்கு மருந்தின்றியே தணியும். எனவே, செடியை உண்டவரும் குணமடைவர், உண்ணாதவரும் குணமடைவர். குணம் தந்தது செடியா, உடலின் இயல்பா என்பதை எவ்வாறு அறிவது? நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினர்க்கு மருந்தும் மறு பிரிவினர்க்கு அதே தோற்றமுடைய வெற்று மருந்தும் அளித்து ஒப்பிடுவதே வழி. மருத்துவ ஆய்வின் உயிர்நாடி இதுவே.

இவ்வழியைச் சென்னைப் பல்கலைக்கழக நுண்ணுயிரியல் அறிஞர் எஸ்.பி. தியாகராஜன் மேற்கொண்டார். கீழாநெல்லி, கரிசலாங்கண்ணி ஆகியவற்றின் சாறு ஆய்வுக்கூடத்தில் பி வகை வைரஸின் மேற்பரப்புப் புரதத்தைச் செயலிழக்கச் செய்வதாக 1982இல் அவர் குழுவினர் எழுதினர். பின்னர் அப்புரதத்தை முதலில் கண்டறிந்தவரும் 1976ஆம் ஆண்டின் நோபல் பரிசு பெற்றவருமான பாருக் பிளம்பர்க்குடன் இணைந்து, வைரஸை நெடுநாள் உடலில் சுமப்போரிடம் ஆய்வு நடத்தினர். முடிவு 1988இல் இலண்டனின் லான்செட் இதழில் வெளியாயிற்று. 30 நாள் கீழாநெல்லி உண்ட 37 பேரில் 22 பேரின் குருதியில் அப்புரதம் மறைந்திருந்தது. வெற்று மருந்து உண்ட 23 பேரில் ஒருவரிடமே மறைந்திருந்தது. வரப்போரச் செடியை உலகமே திரும்பிப் பார்த்தது.

ஆயினும், அது முதற்கட்ட ஆய்வே என்றும், தொடர்ந்து சோதிக்க வேண்டும் என்றும் அக்கட்டுரையே கூறியது. அவ்வாறே பிற நாட்டார் சோதித்தனர். 1990இல் தாய்லாந்திலும், 1994இல் நியூசிலாந்திலும் வெளியான ஆய்வுகள் அத்தகைய பயனைக் காணவில்லை. பல ஆய்வுகளைத் தொகுத்து நோக்கிய 2011ஆம் ஆண்டின் காக்ரேன் மதிப்பீடும், வெற்று மருந்தினும் இச்செடி மேலானது என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்றே முடித்தது.

இது சென்னை ஆய்வுக்கு இழுக்காகாது. தம் முடிவைப் பிறர் சோதிக்குமாறு திறந்து வைப்பதே அறிவின் நேர்மை. ஒரு பொருளை ஒரு பக்கம் மட்டும் கண்டு உண்மை முழுவதும் கண்டதாகக் கொள்ளாதே என்பது அநேகாந்தம் கற்பிக்கும் பாடம். பாட்டியின் அனுபவம் ஒரு பக்கம். சென்னையின் எண்ணிக்கை ஒரு பக்கம். தாய்லாந்தின் எண்ணிக்கை மற்றொரு பக்கம். மூன்றையும் சீர்தூக்கியே முடிவு கொள்ளுதல் வேண்டும்.

முன்னோர் வழக்கங்கள் யாவும் சோதனையில் தோற்பதும் இல்லை. நீரை ஆடையால் வடித்துப் பருகுதல் சமண இல்லங்களின் தொன்மையான ஒழுக்கம். சிற்றுயிர்க்கு ஊறு நேராமை அதன் நோக்கம். வங்கதேசத்தில் 65 சிற்றூர்களை உள்ளடக்கி நடந்து 2003இல் வெளியான ஆய்வு, பழஞ்சேலையைப் பல மடிப்பாக மடித்து நீரை வடித்த மக்களிடையே காலரா 48 விழுக்காடு குறைந்ததைக் காட்டிற்று. காலராக் கிருமி நீரிலுள்ள சிற்றுயிர்களைப் பற்றி வாழ்வதால், அவற்றோடு அதுவும் துணியில் தங்கிவிடுகிறது. ஆனால், காமாலை வைரஸ்கள் மிக நுண்ணியவை, துணியைக் கடந்துவிடும். ஆதலின், வடித்த நீரைக் கொதிக்க வைத்துப் பருகுதலே முழுக் காவல்.

இல்லறத்தார் கடமை தெளிவானது. கண் மஞ்சளித்தால் முதலில் இரத்தப் பரிசோதனை செய்க. மயக்கம், தடுமாற்றம், இரத்தக் கசிவு, வயிற்று வீக்கம் தோன்றினாலும், கருவுற்ற பெண்ணுக்குக் காமாலை கண்டாலும் ஒரு நாளும் தாழ்த்தாது மருத்துவமனையை நாடுக. பித்தநாளத்தில் கல் அடைத்திருப்பின் எச்சாறும் அதனைத் திறவாது. பி வகை வைரஸ் கைக்குழந்தைப் பருவத்தில் தொற்றின் பத்தில் ஒன்பது பேர் உடலில் நிலைத்துவிடும். பின்னாளில் கல்லீரல் சுருக்கமும் புற்றுநோயும் விளையக்கூடும். பிறந்த 24 மணி நேரத்துக்குள் இடப்படும் தடுப்பூசி அதனைத் தடுக்கவல்லது. அரசு மருத்துவமனைகளில் அஃது இலவசம்.

பச்சிலையை இகழ வேண்டா. அதன்மேல் கொண்ட அன்பினால் உயிரை இழக்கவும் வேண்டா. ஆராய்ந்து தரும் மருந்தே மெய்யான ஔடத தானம். வாழ்க அறம்! வளர்க அறிவு!