ஓட்டைப் பாத்திரமும் வானத்து ஒலியும்



பூனாவுக்கு வடக்கே கோடாட் என்றொரு சிற்றூர் உண்டு. அதைச் சுற்றி, 1990களில் கட்டப்பட்ட 30 ரேடியோ தொலைநோக்கித் தட்டுகள் நிற்கின்றன. ஒவ்வொன்றும் 45 மீட்டர் விட்டம். அவற்றுள் ஒன்றின் அடியில் நின்று நான் அண்ணாந்து பார்த்தேன். கம்பி வலையின் ஊடே மேகங்கள் சென்றுகொண்டிருந்தன. ‘இத்தனை ஓட்டைகள் உள்ள பாத்திரத்தில் என்ன தங்கும்?’ என்று ஐயுற்றேன். அந்த ஐயத்துக்குக் கிடைத்த விடையே இன்றைய என் பேச்சு.

விண்ணிலிருந்து வரும் ரேடியோ அலைகள் மிக மிக மெலிந்தவை. அவற்றைத் திரட்டப் பெரிய தட்டு வேண்டும். அது எத்திசையும் திரும்பவும் வேண்டும். தகட்டால் செய்தாலோ, காற்று அதைப் பாய்மரம்போல் தள்ளும். அதைத் தாங்க எஃகு மிகும். எஃகின் பாரத்தைத் தாங்க அடித்தளம் மிகும். திருப்பும் மோட்டாரும் பெருக்கும். செலவில் பெரும்பங்கு காற்றோடு போராடுவதற்கே போய்விடும்.

கோவிந்த் ஸ்வரூப்பும் அவருடைய தோழர்களும் அலையின் நீளத்திலிருந்து கணக்கைத் தொடங்கினார்கள். அவர்கள் நாடிய அலைகள் ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் முதல் 2 மீட்டர் வரை நீண்டவை. அலையைவிட மிகச் சிறிய துளை, அலைக்குத் துளையே அன்று. அலை பட்டுத் திரும்பிவிடும். காற்றோ தடையின்றிப் புகுந்து போகும். எனவே அரை மில்லிமீட்டருக்குச் சற்றே மிகுந்த துருவேறா எஃகுக் கம்பியால் வலை பின்னினார்கள். கண்ணின் அளவு நடுவில் 10 மில்லிமீட்டர், விளிம்பில் 20. இழுத்துக் கட்டிய கம்பிக் கயிறுகள் அவ்வலையைக் குழிந்த வடிவில் நிறுத்துகின்றன.

இதே சிந்தனை முன்பே நம் நீலகிரியில் வேறொரு உருவில் பலித்திருந்தது. 1970-இல் உதகையில் ஸ்வரூப் குழுவினர் 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்ட தொலைநோக்கியை அமைத்தனர். உதகையின் அட்சரேகை ஏறத்தாழ 11 பாகை. அதே அளவு சரிந்த குன்றைத் தேடிக் கண்டார்கள். அதனால் கருவியின் நீள அச்சு பூமியின் அச்சுக்கு இணையாயிற்று. அந்த ஓர் அச்சில் சுழற்றினாலே ஒரு விண்மீனை ஒன்பது மணி நேரத்துக்கு மேல் பின்தொடரலாம்.

இச்சிக்கனத்துக்கு ஓர் எல்லையும் உண்டு. சில மில்லிமீட்டரே நீளமுள்ள அலைகள் கோடாட் வலையில் ஒழுகிவிடும். அவற்றை வேண்டுமென்றே கைவிட்டார்கள். எல்லாம் வேண்டும் என்றிருந்தால், கைப்பணத்துக்கு ஓரிரு தட்டுகளே எழுந்திருக்கும்; இன்று 30 நிற்கின்றன.

ஓட்டைகள் எனக்குக் குறையாகத் தெரிந்தன. அவற்றின் அளவை ஒருவர் கணக்கிட்டு வைத்திருந்தார் என்று அறிந்தபின், மேகங்களை மீண்டும் ஒருமுறை அவ்வலை வழியே பார்த்துவிட்டு வந்தேன்.